அளக்காமல் விட்ட மஞ்சள்

1

ஜெர்மனிக்கு வந்த இந்தப் பதினோரு வருஷத்தில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனது இரண்டே தடவை. ஒன்று, பனியில் சைக்கிள் வழுக்கி முழங்கை பெயர்ந்தபோது. இன்னொன்று, போன வருஷம் வசந்தகாலத்தில், ஒரு கிண்ணம் கொட்டை சாப்பிட்டதற்காக.

சிரிக்காதீர்கள். என்னோடு வேலை பார்க்கும் எகிப்துக்காரருக்குப் பேரன் பிறந்திருந்தான். அந்தச் சந்தோஷத்தில் வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஃபாவா கொட்டை வேகவைத்து, எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு எடுத்துவந்திருந்தார். நம் ஊர் மொச்சை இல்லை, அதைவிடப் பெரியது, சப்பையாக இருக்கும். மொச்சைக்கொட்டைக் குழம்பை நினைத்துக்கொண்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் சாயங்காலம் கண் மஞ்சளாகிவிட்டது. இடுப்பில் வலி. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போகிறது.

அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். சிறுநீருக்கு அந்த மொழியில் என்ன வார்த்தை என்று அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. "என் தண்ணி கறுப்பா வருது" என்றேன். எதிர்முனையில் இருந்தவர் ரொம்ப மரியாதையாக, "வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார். குழாய்த் தண்ணீர் என்று நினைத்துவிட்டார். பதிமூன்று வயது மகள் யாழினி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி நாலு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்தது. "பதினோரு வருஷமா என்ன பண்றீங்க அப்பா?" என்று வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு வந்தாள். அந்தத் திட்டிலும் பாதி ஜெர்மன்தான்.

அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் மூன்று கேள்வி கேட்டார். ஃபாவா கொட்டை சாப்பிட்டீர்களா? எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்? உங்கள் குடும்பத்தில் பிறந்த குழந்தை யாருக்காவது கடுமையான மஞ்சள்காமாலை வந்ததுண்டா?

மூன்றாவது கேள்விக்கு என் வாய் தானாக "ஆமாம்" என்றது. யாழினி மொழிபெயர்க்கக்கூடத் தேவைப்படவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து எனக்குக் கோபம் ஆரம்பித்தது. இன்னும் தணியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

உடனே சோதனை செய்ய முடியாதாம், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். பழைய ரத்த அணுக்கள் எல்லாம் உடைந்துபோய், புதிதாக வந்த அணுக்கள் மட்டும் உடம்பில் இருக்கும்போது சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டிவிடுமாம். சரி என்று காத்திருந்து போனால், ரத்தம் எடுப்பதற்கு முன்னால் நாலு பக்கத்துக்கு ஒரு படிவம். மரபணுவைப் பார்ப்பது என்றால் இங்கே சும்மா ஊசி குத்திவிட முடியாது. சட்டம் இருக்கிறது. ஒப்புதல், விளக்கம், மறுபடி ஒப்புதல். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: முடிவைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த வரியை யாழினி வாசித்துச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றெரிச்சல் சிரிப்பு. தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை! அதை எங்கள் குடும்பத்துக்குக் கேட்காமலே அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துகூட வாங்கவில்லை.

முடிவு வந்த அன்று ஒரு வயதான அம்மாள் எதிரே உட்கார்ந்து பென்சிலால் படம் போட்டு விளக்கினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஜி-6-பி-டி என்று ஒரு நொதி இருக்கிறது. சிவப்பணு சேதமாகாமல் காக்கும் வேலை அதனுடையது. அதைச் செய்யச் சொல்லும் குறிப்பு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குறிப்பில் எங்கோ ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் எனக்கு நொதி குறைவு. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது, ஆயுசு முழுக்கத் தெரியாமலே போகிறவர்கள் நிறைய. ஆனால் சில பொருட்கள் உடம்புக்குள் போனால் சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்துவிடும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பழுதானால் மற்றது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு இருப்பதே ஒன்று. அது அம்மாவிடமிருந்து வருவது.

அவர் பென்சில் என் அம்மாவின் வட்டத்துக்குப் போனது. அங்கிருந்து என் அக்கா செல்வியின் வட்டத்துக்கு. அங்கிருந்து அக்கா மகன் தினேஷின் சதுரத்துக்கு வந்து அதை லேசாகக் கறுப்பாக்கி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டது. பிறகு என்னிடமிருந்து யாழினிக்கு ஒரு கோடு இழுத்தார்.

"அப்போ எனக்கு?" என்றாள்.

"உனக்கும் ஒன்னு வந்திருக்கு. எங்கிட்டேருந்து. உன்னை ஒன்னும் செய்யாது, அநேகமா."

தோளைக் குலுக்கிக்கொண்டாள். இந்தத் தோள் குலுக்கலை அவள் இங்கேதான் கற்றாள், எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "இந்தப் படத்தை தினேஷ் அண்ணாவுக்கு யாரும் காட்டலையா? உங்க ஊர்ல டாக்டர் இல்லையா?" என்று கேட்டாள். உங்க ஊர். அவள் பிறந்ததும் அங்கேதான், செங்கல்பட்டில். சொன்னால் இன்னொரு தோள் குலுக்கல் வரும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

கிளம்பும்போது பர்ஸில் வைத்துக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல். ஃபாவா கொட்டை, மலேரியாவுக்குத் தருகிற சில மாத்திரைகள், வேறு சில மருந்துகள். கடைசியில் ஒரு சொல் புரியவில்லை. போனில் தட்டிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக உருண்டைகளின் படம் வந்தது.

பாச்சை உருண்டை. துணிக்கு நடுவில் போட்டு வைப்போமே, அது. நாப்தலின்.

டிராமில் உட்கார்ந்திருந்தவன் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கவில்லை.

3

பதினாறு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். நாங்கள் பிள்ளைப்பாக்கம். அப்பாவின் நிலத்தில் பாதி கம்பெனிகளுக்குப் போயிருந்தது. அக்கா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் இருந்தாள். நான் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப் டிரெய்னி. அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். ஏழாவது மாசம் வரைக்கும் ஷிப்டுக்குப் போனாள். அவள் சம்பளம் புகுந்த வீட்டுக்கு இனித்தது, அப்போது யாரும் போகாதே என்று சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறைமலை நகரில் ஒரு நர்சிங் ஹோமில் பையன் பிறந்தான். அந்த இடத்தில் இப்போது பைக் ஷோரூம் இருக்கிறது. குழந்தை கொழுக்மொழுக்கென்று இருந்தான். அம்மா எனக்குப் போன் செய்தாள்.

"டேய் குமாரு, பீரோல மேல்தட்டுல உங்கப்பா பழைய வேட்டிங்கள மடிச்சி வெச்சிகீறேன். அத அப்டியே எடுத்தா. கொழந்தைக்குப் புதுத்துணி போடக்கூடாது."

உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும்வரை புதுத்துணி ஆகாது. தீர்க்காயுசாக இருக்கிற ஒருவர் கட்டிய பழைய வேட்டியை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதை, கிழித்துச் சுற்றுவோம். அந்த வழக்கத்தில் தப்பே இல்லை. புதுத்துணியின் கஞ்சியும் முரடும் அந்தத் தோலுக்கு ஆகாது. ஆனால் பழைய வேட்டி எங்கே இருக்கும்? பீரோவில். வேட்டி மடிப்புக்குள் என்ன இருக்கும்?

ஆறேழு உருண்டைகளை உதறிக் கீழே போட்டேன். இரண்டு உருண்டை கரைந்து, துணியோடு துணியாகப் பொடியாக ஒட்டிக்கிடந்தது. கையாலேயே தட்டிவிட்டேன். அந்த வாசனை எனக்குச் சின்ன வயசிலிருந்தே பிடிக்கும். துவைத்த வேட்டிதானே என்று மறுபடி அலசவில்லை. பைக்கில் வைத்துக் கொண்டுபோய் என் கையாலேயே கொடுத்தேன். மாமன் கொண்டுவந்த துணி என்று சிரித்துக்கொண்டே சுற்றினார்கள்.

இரண்டாம் நாள் குழந்தையின் முகம் லேசாக மஞ்சளாகத் தெரிந்தது. "எல்லாக் கொழந்தைக்கும் வர்றதுதான், காலை வெயில்ல காட்டுங்க" என்றார்கள். ஒரு துளி ரத்தம் எடுத்து எவ்வளவு மஞ்சள் என்று யாரும் அளக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? வீட்டில் அதே வேட்டியில் தூளி கட்டினோம். நாலாம் நாள் உள்ளங்கால்வரை மஞ்சள். பால் குடிப்பதை நிறுத்திவிட்டான். அக்காவைக் கத்திரிக்காய் சாப்பிடாதே, அதைத் தொடாதே, இதைத் தொடாதே என்று விரட்டினார்கள். ஐந்தாம் நாள் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ஒரு குரலில் அழுதான். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தோஷம் பட்டுவிட்டது என்று அம்மா தாயத்துக் கட்டக் கூட்டிப்போனாள்.

ஆறாம் நாள்தான் கார் பிடித்து மெட்ராஸ் போனோம். அங்கே டாக்டர் எங்களைத் திட்டிய திட்டு எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. உடைந்த அணுக்களிலிருந்து வந்த மஞ்சள் மூளையில் போய்ப் படிந்துவிட்டது. ஒட்டுமொத்த ரத்தத்தையும் மாற்றினார்கள், இரண்டு தடவை. உயிரை மீட்டுக் கொடுத்தார்கள், மற்றதைக் கொடுக்க முடியவில்லை.

தினேஷுக்கு இப்போது பதினாறு. காது அநேகமாகக் கேட்காது. கை கால் அவன் சொன்ன பேச்சைக் கேட்காமல் தானாக முறுக்கிக்கொள்ளும். பேச்சு இல்லை. புத்தி மட்டும் பளிச்சென்று இருக்கிறது, அதுதான் கொடுமை. ரோட்டோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஷிப்ட் பஸ்களை நிறத்தை வைத்தே எந்தக் கம்பெனி என்று விரலால் எழுதிக் காட்டுவான். ஒரு பஸ் தாமதமானால் அதையும் கண்டுபிடித்து என்னவென்று எழுதிக் கேட்பான்.

புகுந்த வீட்டில் தீர்ப்பு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. கம்பெனியில் எட்டு மணிநேரம் நின்றுகொண்டே வேலை செய்தாள், அந்தப் புகையை முகர்ந்தாள், கிரகணத்தன்று ஷிப்டுக்குப் போனாள், அதனால்தான் இப்படி. அவள் சம்பளத்தில் வாங்கிய டிவிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார்கள். இரண்டாம் வருஷம் பிள்ளையோடு திருப்பி அனுப்பினார்கள். மச்சான் என்று நான் கூப்பிட்ட அந்த ஆள் மறுகல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார். அக்கா, தெற்கேயிருந்து வேலைக்கு வந்திருக்கிற பையன்களுக்கு மெஸ் நடத்துகிறாள்.

4

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஒரகடத்தில் நான் பார்த்த வேலை, காரின் மேல் படிந்த பெயிண்ட் எவ்வளவு கனம் என்று அளப்பது. ஒரு வண்டிக்கு இத்தனை இடம் என்று கணக்கு. கதவில், கூரையில், டிக்கியில். முடியை நெடுக்கில் பிளந்த அளவுக்கு வித்தியாசம் வந்தாலும் லைனை நிறுத்தி சூபர்வைசரைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நம்பர், அந்த நம்பருக்கு நேரே ஒவ்வொரு அளவும் பதிவாகும். வண்டி உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும், எந்த ஷிப்டில், எந்த டேங்க் பெயிண்டில் செய்தது என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். ஒரு போல்ட் பழுது என்று தெரிந்தால் அதே பெட்டியிலிருந்து போல்ட் போன அத்தனை வண்டிக்காரர்களுக்கும் கடிதம் போகும். வண்டியைக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. மறைத்தால் கம்பெனிக்கே ஆபத்து.

அந்த வேலையில் நான் சூரன் என்று பெயர் வாங்கினேன். அதை வைத்துத்தான் இந்த நாட்டுக்கே வந்தேன். நான் காரில் பெயிண்டை அளந்துகொண்டிருந்த இடத்திலிருந்து பைக்கில் அரைமணி நேரம் போனால் வரும் கட்டிலில் என் அக்கா மகனின் மஞ்சளை அளக்க ஒருவர் இல்லை. ஒரு துளி ரத்தம் போதும். குதிகாலில் ஒரு குத்து.

கூகிளில் ஊர்ப் படங்களைத் திறந்தால் எங்கள் பக்கத்து ரோட்டிலெல்லாம் முழு உடம்பு செக்கப் விளம்பரப் பலகையாக வருகிறது. உங்கள் மரபணு உங்கள் எதிர்காலம் என்று ஒன்று. வீட்டுக்கே வந்து எச்சில் வாங்கிப்போய், உங்களுக்கு எந்த வயசில் வழுக்கை விழும் என்று சொல்வார்களாம். விஞ்ஞானம் வந்துவிட்டது, யார் இல்லை என்றது? வழுக்கைக்கு வந்த விஞ்ஞானம் பிரசவ வார்டுக்கு வந்துசேர ஏன் இத்தனை நாள் என்பதுதான் என் கேள்வி. இந்த நொதிச் சோதனையைப் பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் செய்துவிடுகிற நாடுகள் இருக்கின்றன. அங்கேயெல்லாம் பாச்சை உருண்டை பற்றித் தாய்க்கு ஒரு தாள் கொடுத்து அனுப்புகிறார்களாம். ஒரு தாள்.

இன்னொன்றும் அந்த வயதான அம்மாள் சொன்னார். இந்த எழுத்து மாற்றம் ஏன் அழியாமல் நம்மிடம் தங்கிவிட்டது என்றால், மலேரியாக் கிருமி குடியிருக்க இந்தச் சிவப்பணு தோதுப்படாதாம். கொசுவும் தண்ணீரும் இருந்த பூமியில் இது இருந்தவர்கள் பிழைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் காலடி வைத்த இடமெல்லாம் ஏரி. அந்த ஏரிகள் பாதிக்குப் பாதி பிளாட்டும் கோடவுனும் ஆகிவிட்டன. காத்த காரணம் போய்விட்டது, காவு கேட்பது மட்டும் மிச்சம்.

5

முடிவு வந்த அந்த வாரம் என் தங்கை மலருக்கு எட்டாவது மாசம். கல்யாணமாகி ஆறு வருஷம், எத்தனையோ ஊசிக்குப் பிறகு தங்கிய பிள்ளை. அவள் புகுந்த வீடு சிங்கப்பெருமாள் கோவில். அவளுக்கும் இந்த எழுத்து வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிறப்பது பையனாக இருந்தால், அவனுக்கு நாலில் ஒரு பங்கு.

பையனா பெண்ணா என்று தெரியாது. பிறக்கும்வரை கேட்கவும் கூடாது. செய்ய வேண்டியதெல்லாம் இதுதான்: பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பீரோத் துணி கூடாது. பிறந்ததும் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். மஞ்சளை அளக்காமல் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

அம்மாவுக்குப் போன் செய்து பொறுமையாக எல்லாம் விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "இன்னாடா சொல்ற? என் ரத்தத்துலருந்து வந்துதுன்றியா?" என்றாள்.

"உன் தப்பு இல்லம்மா. யாருக்கும் தெரியாது."

"நீ தப்பு இல்லன்னுவ. அவங்க இன்னா சொல்லுவாங்க? மலரு வூட்டுக்கு இது தெரிஞ்சிது, அவ கத முடிஞ்சிது. பொண்ணு வூட்டு ரத்தமே சரியில்லன்னு பேசுவாங்க. ஏற்கெனவே ஒருத்தி வந்து வூட்ல குந்திகினு கீறா. ரெண்டாவது ஒருத்திய அனுப்பி வெக்கட்டுமா? சொல்லு."

"அதுக்காகப் பிள்ளைய..."

"வாய மூடு. பீரோ துணி எடுக்க மாட்டேன், போதுமா? மொச்சகூட ஆக்க மாட்டேன். டாக்டராண்ட போய் இத ஒண்ணும் சொல்லாத. நீ அங்க உக்காந்துகினு ஈஸியா பேசுவ. நாங்க இங்க வாழணும்."

மொச்சைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

மலரே என்னைக் கூப்பிட்டாள். அம்மா அவளிடம் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறாள். "அண்ணா, ப்ளீஸ்ணா. எங்க அத்தை ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாத்தையும் அவங்களே வாங்கிப் படிப்பாங்க. டாக்டர் ஏதாவது எழுதிட்டா அவ்ளோதான். ஒன்னும் ஆகாதுண்ணா. எனக்கு அது வரவே இல்லாமகூட இருக்கலாம்ல?"

இருக்கலாம். இருக்கலாம்தான். ஒரு போல்ட்டுக்குக் கடிதம் போடுகிற உலகத்தில், என் தங்கையின் டாக்டருக்கு ஒரு வரி எழுதினால் அவள் வாழ்க்கை போய்விடும் என்கிறார்கள். அதிலே எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பயந்த அம்மாமேலா? ஃபைலைப் பிடுங்கிப் படிக்கிற மாமியார்மேலா? விஞ்ஞானத்துக்கு நம் ஆட்கள் கண்டுபிடிக்கிற முதல் உபயோகமே, பெண்ணைக் குற்றம் சொல்ல இன்னொரு காரணம். கிரகணம் போய் குரோமோசோம் வந்திருக்கிறது. கூண்டில் நிற்பது மட்டும் அதே ஆள்.

யாழினி, "நீங்களே அந்த டாக்டருக்கு மெயில் போடுங்க" என்றாள். அவளுக்கு எல்லாமே ஒரு மெயில். தங்கையே வேண்டாம் என்கிறபோது, அவள் உடம்பைப் பற்றி அவள் டாக்டருக்கு நான் எழுதலாமா? இங்கே சட்டம் கூடாது என்கிறது. அங்கே குடும்பம் கூடாது என்கிறது. நடுவில் ஒரு குழந்தை வந்துகொண்டிருக்கிறது.

6

கடைசியில் அக்காவுக்குப் போன் செய்தேன். அதுவரை அவளிடம் நான் சொல்லவில்லை என்பதிலிருந்தே நான் எப்பேர்ப்பட்ட கோழை என்று நீங்கள் தெரிந்துகொள்ளலாம். மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம். கொட்டை, நொதி, அம்மா, எழுத்து, எல்லாம் சொன்னேன். பாச்சை உருண்டையைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"அந்த வேட்டிய நான்தான்க்கா எடுத்தாந்தேன். உருண்டைய நானே உதறினேன். அலசாம கொடுத்தேன்."

பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். அதை யாரோ நிறுத்தினார்கள்.

"நீ தெரிஞ்சா செஞ்ச?" என்றாள். பிறகு, "அப்போ நான் வேலைக்குப் போனதால இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"கிரகணம்?"

"இல்லவே இல்லக்கா."

"நல்லா தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அம்மா என்ன சொன்னாள், மலர் என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டாள். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, சிலிண்டர் ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். ஜி-6-பி-டி என்பதை மட்டும் மூன்று தடவை திருப்பிச் சொன்னாள்.

"மலரு வேணாங்கறாளேக்கா?"

"அவ வேணான்னுதான் சொல்லுவா. நானும் அப்டித்தான இருந்தேன், எல்லாரு சொல்றதுக்கும் தலைய ஆட்டிகினு. அவளாண்ட நான் பேசிக்கறேன். நீ வையி."

7

மலருக்கு இரண்டு வாரம் முன்னதாகவே வலி வந்துவிட்டது. ஊரில் காலை ஏழு மணி, எனக்கு விடியவில்லை. பையன்.

அக்கா மெஸ்ஸை ஒரு நாள் மூடிவிட்டு, தினேஷைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நேரே போயிருக்கிறாள். மலரிடம் முந்தின வாரமே பேசி, அழவைத்து, சரி என்று சொல்லவைத்திருக்கிறாள். லேபர் வார்டு வாசலிலேயே, மலரின் மாமியார் பக்கத்தில் நிற்கும்போதே டாக்டரை நிறுத்தி, அந்த ரசீதைப் பார்த்து வாசித்தாள். அங்கே இருந்த திருநெல்வேலி நர்ஸ் ஒருத்தி பிறகு அக்காவின் போனில் சொல்லித்தான் முழுக் கதையும் எனக்குத் தெரியும்.

மாமியார் சும்மா இருப்பாரா? "இப்டி ஒண்ணு உங்க வூட்ல கீதுன்னு பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கணும்ல?" என்று ஆரம்பித்தார்.

"அன்னிக்கி யாருக்கும் தெரியாது. இன்னிக்கித் தெரியும்" என்றாளாம் அக்கா. "எம் புள்ளைய நீங்க பாத்துகீறீங்க. பாத்துட்டும் பேசறீங்களா? மொதல்ல கொழந்தைய பாக்க வுடுங்க. அப்பறம் என்னிய எவ்ளோ வேணா திட்டுங்க, நான் எங்கியும் போவ மாட்டேன், இங்கியேதான் குந்திகினு இருப்பேன்."

சொன்னபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா எழுந்து கேன்டீன் பக்கம் போய்விட்டாள்.

குழந்தைக்கும் நொதி குறைவு என்று முடிவு வந்தது. இரண்டாம் நாள் மஞ்சள் ஏற ஆரம்பித்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளந்தார்கள். "கவலப்படாதிய அக்கா, வெளிச்சத்துல வச்சா எறங்கிரும். எறங்கலன்னாத்தான் ரத்தம் மாத்தணும்" என்று அந்த நர்ஸ் சொல்லியிருக்கிறாள். இறங்கியது. மூன்றாம் நாள் இறங்கியது, நாலாம் நாள் இன்னும் இறங்கியது. மாமியார் இன்னும் அக்காவிடம் பேசுவதில்லை. நாளைக்கு என்ன பேசுவார் என்று யாருக்கும் தெரியாது. பேரனைப் பார்க்க மட்டும் மணிக்கொரு தடவை வருகிறாராம்.

நாலாம் நாள் மத்தியானம் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். நான் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாகக் குழந்தையைக் காட்டினாள். கண்ணுக்குத் துணிப்பட்டை கட்டி, வெறும் உடம்போடு, நீல வெளிச்சத்துக்குக் கீழே கையைக் காலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தான். நன்றாகப் பால் குடிக்கிறானாம். எனக்கு வாயெல்லாம் பல். பக்கத்து மேஜைக்காரர்களுக்கெல்லாம் போனைக் காட்டினேன்.

அக்கா சிரிக்கவில்லை. போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"குமாரு, இந்த மெஷின நான் பாத்துகீறேன்டா."

"எங்கக்கா?"

"தினேஷ் பொறந்த எடத்துல. என் ரூமுக்கு வெளிய, செவுத்தோரமா, போர்வ போட்டு மூடி நிறுத்தி வெச்சிருந்தாங்க. வூட்டுக்குக் கெளம்பசொல்ல அதும்மேலதான் என் பைய வெச்சிகினு, வண்டி வர்ற வரைக்கும் நின்னுகினு இருந்தேன். கொழந்த என் தோள்ல."

எதிரே இருந்த தட்டை நகர்த்தி வைத்தேன்.

"ரெண்டு நாளு அந்தப் போர்வைய எடுத்துட்டு அவன அதுல படுக்க வெச்சிருந்தா?"

"ஆமாக்கா."

"அவ்ளோதானா?"

அவள் மறுபடியும் கேட்டாள். பதில் வாங்காமல் விடமாட்டாள் என்று தெரிந்தது.

"அவ்ளோதான்க்கா" என்றேன்.